சில்வர் பெயிண்ட்

"அடி" என்று, தூக்கி நிறுத்திய பானெட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. வடிவு சாவியைத் திருகினாள். உர்ர்... உர்... உர்ர் என்று வண்டி இழுத்தது, மூச்சு வாங்கியது, அடுத்த சுத்துக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்து இன்னொரு தரம் புரண்டது. "விடு." விட்டாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினதிலிருந்து இதே பாட்டுத்தான். அடி, விடு, அடி, விடு. ஆயுத பூஜை என்று பட்டறை ஆட்களெல்லாம் பொரிகடலைப் பொட்டலத்தையும் புதுச் சட்டையையும் வாங்கிக்கொண்டு போயாச்சு, அதனால் சாவி திருக இவள். கல்யாணமாகி இந்தக் கோவில்பட்டிக்கு வந்த நாள் தொட்டு, ஆள் குறைந்த நேரமெல்லாம் இவள்தான். "வடிவு, இந்தா வந்து ஒரு செல்ஃப் அடிச்சுட்டுப் போ" என்று புருசன் குரல் கொடுத்தால், அடுப்பில் குழம்பு கொதிக்க, இடுப்பில் பிள்ளை இருக்க, வந்து அடித்திருக்கிறாள். ஊரில் பாதி வண்டிக்கு அவள் கை பட்டுத்தான் உயிர் வந்தது. இந்த ஒரு வண்டிக்குத்தான், சொந்த வண்டிக்குத்தான், இன்றைக்கென்று பார்த்து இழவு. இழவென்று சொல்லாதேடி, நல்ல நாளும் அதுவுமா, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அங்கே பிள்ளை இருக்கிற இருப்புக்கு அந்தச் சொல் வாயில் வரலாமா. பானெட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த சந்தில் புருசன் வெயிலுமுத்துவின் பனியனும் வயிறும் கரி படிந்த கையும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. முகம் தெரிந்தாலாவது மனுசன் என்ன நினைக்கிறார் என்று கொஞ்சம் கண்டுபிடிக்கலாம்.

காலையில் சாமிக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மகள் போன் பண்ணினாள். விளாத்திகுளத்திலிருந்து, பக்கத்து வீட்டு டீச்சர் போனில். மதிவதனியின் போனைத்தான் மாப்பிள்ளை பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டானே. "அம்மா, இன்னைக்கு வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க. அவரு லாரி செட்டுல பூசைக்குப் போயிட்டாரு. அத்தையும் கோயிலுக்குப் போவாக. பொழுதடையத்தான் வருவாரு, குடிச்சுட்டுத்தான் வருவாரு. அதுக்குள்ள வந்துருங்கம்மா." அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வடிவுக்கு. பலசரக்குக் கடைக்குச் சாமான் சொல்லுகிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள், சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தக் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. மென்று முழுங்கிப் புருசனிடம் சொன்னபோது அவர் அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். "சரி, பூசை முடியட்டும், சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார். அவ்வளவு லேசில் சரியென்று சொல்லுவார் என்று அவள் நினைக்கவே இல்லை. சந்தோசத்தில் அவர் இலையில் நெய்யைக் கூட இரண்டு கரண்டி ஊற்றினாளே, அதை நினைத்தால் இப்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல வருகிறது. பஸ்ஸில் போவோம் என்றுதான் முதலில் கேட்டாள். "பெட்டியுங் கையுமா பஸ்ஸுல ஏத்திக் கூட்டியாந்தா ஊரு சிரிக்கும்ட்டி. காருல போனா விருந்துக்குக் கூட்டியாந்தாப்பல இருக்கும்." அதுவும் அவளுக்குச் சரியென்றுதான் பட்டது. அங்கேதான் ஏமாந்தாள். அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்நேரம் பிள்ளை மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும்.

"அடி." திருகினாள். உர்ர்... உர்... என்ன கேடு வந்தது இந்த வண்டிக்கு? போன வாரம் வரைக்கும் சாவியைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். போன வாரம்தான் இந்த மனுசன் அதைப் பிரித்தார். சைலன்சர் குழாய் இத்துப்போய் ஊரைக் கூட்டுகிற சத்தம் போட்டது. செல்ஃப் மோட்டார் உள்ளே புஷ் தேய்ந்து கரகரத்தது. மோட்டார் அந்தக் குழாய்க்குப் பின்னால்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றையும் பார்த்துவிடலாம் என்று இரண்டையும் இறக்கினார். புதுக் குழாய் போட்டார், மோட்டாருக்குப் புஷ் மாற்றினார். அதோடு விட்டாரா? பூஜை வருகிறதென்றால் இவருக்கு சில்வர் பெயிண்ட் பைத்தியம் பிடித்துவிடும். வருசா வருசம் பட்டறையில் கண்ணில் பட்டதுக்கெல்லாம் ஒரு கோட்டிங். பட்டறைக் குறடு, ஜாக்கி, டிரில்லிங் மிஷின், கேட்டுத் தாழ்ப்பாள், போன வருசம் தண்ணீர்க் குழாய்க்கும் அடித்துவிட்டார், அது ஒரு மாதம் பெயிண்ட் நாற்றமடித்தது. இந்த வருசம் டப்பாவில் மிச்சம் கிடந்தது என்று வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு குழாய், கியர்பாக்ஸ் அடிப்பக்கம், மோட்டார் உட்காருகிற இடம், எல்லாத்துக்கும் சில்வர், அது காய்ந்த பிறகுதான் மோட்டாரையும் ஒயரையும் மாட்டினார். படுத்தவாக்கிலேயே டார்ச் அடித்துப் பார்த்து, "புது வண்டி கெட்டுது போ" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். நாள் பூராவும் வண்டிக்குக் கீழே கிடந்தாரே, சைலன்சர் எந்த இடத்தில் கத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டாரே. ஆடிக்கு மகள் மதி வந்தபோது அந்த வேக்காட்டில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் வந்து பார்த்தார். "என்ன கண்ணு, வேக்குதா" என்றார். ஃபேனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

ஏன் இந்த வேக்காட்டில் முழுக்கை என்று கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயமா? வடிவு மட்டும் கேட்டாளா? கேட்டாள், அடுப்பங்கரையில் வைத்துக் கேட்டாள். கையை மடித்துவிட்டுக் காட்டினாள் பிள்ளை. முழங்கைக்கு மேலே வரிவரியாகக் கன்றிக் கிடந்தது. ராத்திரி இவரிடம் சொன்னதுக்கு, "நம்ம மாப்பிள்ள காளிராஜ் அப்படிப்பட்ட ஆளு இல்லையே" என்றார். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? லாரிக்கு பிரேக் பார்க்க இங்கே வருவான், டீ வாங்கிக் கொடுப்பான், அண்ணாச்சி அண்ணாச்சி என்று தோளில் கை போடுவான். பிரேக்கை நாலு தரம் மிதித்துப் பார்ப்பான், வண்டியை அப்படி வைத்துக்கொள்கிறவன் பெண்டாட்டியையும் அப்படி வைத்துக்கொள்வான் என்று இவராகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து சம்பந்தம் பேசினார். "லைட்டப் போடு" என்று சத்தம் வந்தது. போட்டாள். எதிர்ச் சுவரில், சந்தனம் தெளித்த வெள்ளைச் சுவரில், இரண்டு வட்டம் விழுந்தது. "இப்ப அடி." அடித்தாள். உர்ர்... உர்... வண்டி அழுதது, ஆனால் சுவரில் விழுந்த வெளிச்சம் அப்படியே நின்றது, ஒரு பொட்டுக்கூட மங்கவில்லை. வடிவு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பேட்டரி எறங்கிருச்சு போலட்டி" என்றார் பானெட்டுக்குப் பின்னாலிருந்து. என்னது? பேட்டரி இறங்கிப்போனால் செல்ஃப் அடிக்கும்போது லைட்டு செத்துப்போகுமே. மினுக் மினுக்கென்று ஆகுமே. எத்தனை பேருக்கு இவரே சொல்லக் கேட்டிருக்கிறாள், லைட்டப் போட்டு அடி, மங்கலேன்னா பேட்டரிய வையாத, வேற எடத்துல பாரு என்று. அதைப் பார்க்கத்தானே லைட்டைப் போடச் சொன்னார்? பார்த்தாரா? பார்க்கவில்லையா? அவர் முதுகுக்குப் பின்னால்தான் சுவர். அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்க்காமல்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், அப்படி நினைக்கப் பாடாய்ப் பட்டாள்.

வெந்நீர் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்து கொடுத்தாள், பேட்டரி முனையில் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஆறட்டும் என்றார். ஆறுகிற நேரத்தில் போய் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு வந்தார், எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ. கேட்டில் கட்டின வாழைக்கன்றின் நிழல் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மதி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்? துணியை எடுத்து வைத்திருப்பாள். கட்டைப்பையில்தான் வைத்திருப்பாள், பெட்டியை எடுத்தால் மாமியார் கேட்பாள். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் ஜன்னலுக்கு வருவாள். வந்து பார்த்துவிட்டு உள்ளே போவாள். சைலன்சர் சத்தம் வைத்தே நம்ம வண்டி என்று கண்டுபிடிப்பாளே சின்னப்பிள்ளையில், அப்பா வந்தாச்சு என்று தெருமுனைக்கு ஓடுவாளே, இப்போது சைலன்சரை மாற்றிவிட்டாரே, சத்தம் வேறேயாகிப் போச்சே, எப்படித் தெரியும் அவளுக்கு? சீ, என்ன நினைப்பு இது, போனால் தெரியாமலா போகும். போனால்தானே. "அடி." திருகினாள், இந்தத் தரம் விடு என்று சொல்லுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகியே வைத்திருந்தாள். உர்ர்... உர்... உர்ர்... எங்கேயோ பெயிண்ட் காய்கிற வாடை. புதுப் பெயிண்ட் அடித்த இடம் சூடானால் வருகிற வாடை. மூக்கைச் சுளித்துக் காலை மடக்கினாள்; கிளச் மிதிக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் ஓடுகிற கிளச் கேபிளில் வெறுங்கால் விரல் பட்டது; சுரீர் என்று சுட்டது. காலை இழுத்துக்கொண்டாள். வண்டி ஓடவே இல்லை, இஞ்சின் இன்னும் பச்சைத் தண்ணியாய்க் கிடக்கிறது, கேபிள் எதுக்குச் சுடுகிறது?

எதுக்கென்று அவளுக்குத் தெரியும். ஒரு வாத்தியார் இதே மாதிரி இழுக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இதோ இந்த இடத்தில் நின்றுதான் இவர் விளக்கம் சொன்னார், வடிவு டீ கொடுக்க வந்தவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "சார், கேபிள் சுடுதா? அப்ப எர்த்து போச்சு. பேட்டரில இருந்து கெளம்புன கரண்டு வேலைய முடிச்சுட்டு பேட்டரிக்கே திரும்பி வரணும்ல? அது வர்ற ரோடுதான் இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல போட்டிருக்க எர்த்து ஒயரு. அந்த ரோட்ட அடச்சுட்டா சந்து பொந்துல பூந்துதான் வரும். கிளச் கேபிள்ல பூந்து வருது, அந்த நோஞ்சான் கேபிளு தாங்குமா, சுடுது." வாத்தியார் தலையாட்டினார். எர்த்து ஒயர் எங்கே மாட்டும்? செல்ஃப் மோட்டாரோட போல்ட்டிலேதான் மாட்டும், கியர்பாக்ஸில். அங்கேதான் இவர் பெயிண்ட்டைப் பூசினார். பெயிண்ட் மேலே ஒயரை வைத்து முடுக்கினால் இரும்பு எங்கே இரும்பைத் தொடும்? இவளுக்கே தெரிகிறது. அடுப்பங்கரைக்கும் பட்டறைக்கும் நடுவில் அலைந்து காதில் விழுந்ததை வைத்தே இவளுக்குத் தெரிகிறது. சத்தம் கேட்டே நோவு சொல்லுகிறவர் என்று பேர் வாங்கின ஆளுக்குத் தெரியாதா? தெரியாமலும் இருக்கலாம். சொந்த வேலையில் சொந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது, மனசு சரியில்லை மனுசனுக்கு, மகளை நினைத்துக் குழம்பிப்போய் நிற்கிறார், பாவம். பாவமா? தெரியாமல் நிற்கிறாரா, தெரிந்து நிற்கிறாரா? தெரியாமல் என்றால் இவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நிமிசம் கிளம்பிவிடலாம். ஆனால் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் எதுவென்று தெரிந்துபோகும்.

"ஏங்க" என்றாள். "கிளச் கேபிள் சுடுதுங்க." பானெட்டுக்குப் பின்னால் கை அப்படியே நின்றது. எங்கே சுடுகிறது என்று கேட்பார், அட ஆமா என்பார், தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார் என்று காத்திருந்தாள். ரோட்டில் ஒரு லாரி, மாலையும் வாழை இலையுமாக, ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "இன்னைக்கு ஸ்பேனரத் தொடக்கூடாதுட்டி" என்றார் அவர். "சாமி முன்னால வச்சாச்சுல்ல. நாளைக்குக் காலைல பூசை போட்டுத்தான் எடுக்கணும்." ஸ்பேனர் வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஒரு போல்ட்டைக் கழற்றவேண்டும் என்று தெரிந்தவன்தானே ஸ்பேனரைப் பற்றிப் பேசுவான். "அப்ப ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "எர்த்து. பெயிண்டு மேல மாட்டி வச்சிருக்கீக. தெரிஞ்சுக்கிட்டே என்னைய உக்கார வச்சு அடி விடு, அடி விடுன்னு பொழுதக் கழிக்கிறீக." அவர் பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வெளியே வந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகம்கூட இல்லை அது, அலுத்துப்போன முகம். "நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. காலைல போவோம்." "பொழுதடைய அவன் வந்துருவான்." "அவன் இவன்னு சொல்லாத. மாப்பிள்ள. புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், நாம போயி வாசல்ல நின்னா அது பெருசாயிரும்ட்டி. ஒரு ராத்திரி போச்சுன்னா கோவம் ஆறிப்போகும்." "யாரு கோவம்?" என்று கேட்டாள் வடிவு. "அடிக்கிறவன் கோவம் ஆறும். அதுக்குள்ள அடி வாங்குறவ என்ன ஆவா?" அவர் கரித்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். பட்டறை மேஜையில் சிவப்புத் துண்டு விரித்து ஸ்பேனர்களை வரிசை பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார், சின்னதிலிருந்து பெரியது வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. பிள்ளைக்குப் பொட்டு வைத்த கை அல்லவா அது, எவ்வளவு பதவிசாக வைத்திருக்கிறது பார். எந்த நம்பர் என்று தெரியாமல் கைக்கு வந்த மூன்றை அள்ளினாள். பூ கீழே விழுந்தது. "ஏட்டி! சாமி குத்தம் ஆயிரும், கீழ வையி!" "ஆகட்டும். எனக்கு ஆகட்டும்." கோணிச் சாக்கை விரித்து, பட்டுச்சேலையோடு வண்டிக்குக் கீழே சரிந்தாள். சில்வரில் எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தது. ஒயரைத் தேடிப் பிடித்து, அது போய் முடிகிற போல்ட்டில் ஒரு ஸ்பேனரை வைத்துத் திருகினாள். வழுக்கியது. இன்னொரு தரம் வைத்தாள், பலம் கொண்ட மட்டும் இழுத்தாள், மறுபடியும் வழுக்கிக் கட்டை விரலைப் பதம் பார்த்தது. "ஐயையோ, நட்ட மழுக்குறாளே!" என்று மேலேயிருந்து ஒரு அலறல். "அது பெருசுட்டி, அது பெருசு! தள்ளு, தள்ளுங்கறேன்!" தடதடவென்று வந்து படுத்தார், அவள் கையிலிருந்ததில் சரியானதைப் பிடுங்கினார். சாமியும் குத்தமும் போன இடம் தெரியவில்லை. நட்டு மழுங்குகிறதை மட்டும் அந்த மனுசனால் பொறுக்க முடியவில்லை. இரண்டு இழுப்பில் கழற்றினார், கத்தியால் பெயிண்ட்டைச் சுரண்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் ஒயரை வைத்து முடுக்கினார். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல்தான் வெயில் இறங்குகிற வரைக்கும் அவளை வைத்து ஆட்டம் காட்டியிருக்கிறார்.

வடிவு ஏறி உட்கார்ந்து, யாரும் அடி என்று சொல்லாமலே அடித்தாள். தொட்டதும் பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரமெல்லாம் கிடுகிடுத்தது. வெயிலுமுத்து எழுந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார், முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "கேட்டியா? எப்பிடிப் பிடிச்சுது பாத்தியா?" பானெட்டை இறக்கி உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். இந்தப் பக்கமாக வந்து ஏறுவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. வானத்தைப் பார்த்தார். "சரி, ஆஃப் பண்ணு. வண்டி ரெடி. காலைல மொத வேலையாப் போயிருவோம்." குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே காலையில் போவார், அதுதான் கொடுமை. குளித்து, விபூதி பூசி, பழம் பூ வாங்கிக்கொண்டு போவார், மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்து அண்ணாச்சி என்று கையைப் பிடிப்பான், மதி முழுக்கை ரவிக்கையோடு காப்பி கொண்டுவந்து வைப்பாள். வடிவு கிளச்சை மிதித்தாள். பட்டறைக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்தி விட அவளுக்குத் தெரியும். முதல் கியரும் ரிவர்ஸும் தெரியும். அதற்கு மேல் இவர் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. முதல் கியரைப் போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. "ஏய், எங்க போற?" வாழைக்கன்றை உரசிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். இதுவரைக்கும் தாண்டினதில்லை. ரோட்டில் வந்தவன் ஒருத்தன் பைக்கை ஒடித்துத் திருப்பி, அம்மா பார்த்து என்று வைதுவிட்டுப் போனான். விளாத்திகுளத்துக்குப் போகிற எட்டயபுரம் ரோட்டில் திரும்பினாள், மிதித்தாள், வண்டி ஓவென்று கத்தியதே தவிர வேகம் வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தால் அவர் பனியனோடு, செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு நிமிசம் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது, வருகிறாரே, பெத்த மனசு கேட்குமா என்று காலைத் தளர்த்தினாள். ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டார். மூச்சு வாங்க, கையை ஆட்டிக்கொண்டு, "ரெண்டாவது போடு! கிளச்ச மிதிச்சு ரெண்டாவதுக்குத் தள்ளுட்டி!" என்று கத்தினார். "இஞ்சின் எப்பிடிக் கதறுது, ஒனக்குக் காது கேக்கலையா?" "கேக்குது" என்றாள் வடிவு. "அது கதறுனா மட்டும் ஒங்களுக்குக் கேட்ருமே." மறுபடி மிதித்தாள். அவர் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார், ரெண்டாவது, ரெண்டாவது என்று சொல்லிக்கொண்டே. ஒரு தரம், ஒரே ஒரு தரம் மதி என்று பிள்ளை பேரைச் சொல்லியிருந்தால் வண்டியை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டிருப்பாள்.